சாய எண்ணெயை மின்னழுத்தத்தால் நகர்த்தும் திரை: இயங்கிக் காட்டிய நுட்பம் கடைக்கு வராதது ஏன்?

தாள்வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மின்தாள் திரையில் நூல்களைப் படித்துவருபவன் என்ற முறையில், நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஐயம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். ஈ இங்க் திரை வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது, மின்கலமும் வாரக்கணக்கில் தாங்குகிறது. ஆனால் நிலப்படத்தை விரலால் நகர்த்திப் பார்க்கவோ நீண்ட பட்டியலை விரைவாக உருட்டவோ முயன்றால் திரை தடுமாறுகிறது. வண்ணமும் மங்கலாகவே இருக்கிறது.

நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் உள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹேஸும் ஃபீன்ஸ்ட்ராவும் 2003-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையை அண்மையில் படித்தேன். நிகழ்படம் ஓடும் வேகத்தில் இயங்கும் மின்தாளை, சாயமிட்ட எண்ணெயையும் நீரையும் கொண்டு அவர்கள் அப்போதே செய்து காட்டியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் அத்தகைய திரையுடன் ஒரு படிப்புக் கருவிகூடக் கடையில் கிடைக்கவில்லை.

எனக்கு இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். ஈ இங்க் வகைத் திரைகளிலும் தொடக்கத்தில் சாயத் திரவம் இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்படியானால் இவ்விரண்டும் ஒரே நுட்பத்தின் கிளைகளா? இவ்வளவு நன்றாக இயங்கிய நுட்பம் ஏன் வழக்கத்துக்கு வரவில்லை?

பரப்பிழுவிசை

இரண்டும் ஒன்றல்ல. மட்சுஷிடா நிறுவனத்தின் இசாவோ ஓட்டா 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட திரையில், சாயம் ஏற்றிய திரவத்துக்குள் மின்னூட்டம் பெற்ற வெண்துகள்கள் மிதந்தன. துகள்கள் கண்ணிருக்கும் பக்கத்துக்கு வந்தால் வெண்மையும், பின்பக்கம் சென்றால் திரவத்தின் நிறமும் தெரியும். அங்கே நகர்ந்தவை துகள்களே. சாயத் திரவம் வெறும் பின்புலம். துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் சாயம் புகுந்து நின்றதால் வெண்மை ஒருபோதும் தூய்மையாக வரவில்லை. துகள்கள் நாளடைவில் திரண்டு ஒருபக்கமாகத் தங்கவும் செய்தன. எம்.ஐ.டி.யில் ஜேக்கப்சன், காமிஸ்கி, ஆல்பர்ட் ஆகியோர் திரவத்தை நுண்ணுறைகளுக்குள் அடைத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரை இரண்டாவது சிக்கலுக்கு விடை கொடுத்தது. சாயத்தை அகற்றிவிட்டுத் தெளிந்த திரவத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இருவகைத் துகள்களை மிதக்கவிட்டபோது முதற்சிக்கலும் தீர்ந்தது. இன்று தங்கள் கையிலுள்ள திரை அந்த வழியில் வந்தது.

ஹேஸும் ஃபீன்ஸ்ட்ராவும் கையாண்ட, எலெக்ட்ரோவெட்டிங் எனப்படும் முறையில் சாயத் திரவமே நகர்கிறது. ஒரு பிக்சலின் அமைப்பைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். வெண்மையான அடித்தளம், அதன்மேல் ஒளி ஊடுருவும் மின்முனை, அதன்மேல் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனில் நீரை ஒட்டவிடாத ஃப்ளூரோபாலிமர் காப்புப் படலம், அதன்மேல் பிக்சலைச் சுற்றிச் சில மைக்ரோமீட்டர் உயரமுள்ள தடுப்புச் சுவர், சுவருக்குள் சாயமிட்ட எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே எல்லாப் பிக்சல்களுக்கும் பொதுவான நீர். மின்னழுத்தம் இல்லாதபோது எண்ணெய் பிக்சல் முழுவதும் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும், ஏனெனில் நீர் அந்தப் பரப்பைத் தொடாமல் இருப்பதே ஆற்றல் குறைந்த நிலை. நீருக்கும் அடி மின்முனைக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால், நீர் காப்புப் படலத்தை நோக்கி இறங்கி எண்ணெயை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும்; அடியிலுள்ள வெண்மை வெளிப்படும். மின்னழுத்தத்தை எடுத்தவுடன் எண்ணெய் தானே திரும்பப் பரவும். ஒவ்வொரு மாற்றமும் ஏறத்தாழ 10 மில்லிநொடிகளில் முடிகிறது.

இதன் வேர் 1875-ஆம் ஆண்டில் இருக்கிறது. கேப்ரியல் லிப்மன் அப்போது பாதரசத்துக்கும் மின்பகு கரைசலுக்கும் இடையிலுள்ள இழுவிசையை மின்னழுத்தத்தால் மாற்றிக் காட்டினார். (வண்ண ஒளிப்படத்துக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவர்தான்.) 1981-இல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்டோ பெனி, சூசன் ஹாக்வுட் ஆகியோர் இதைத் திரைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினர். ஆனால் நீர் மின்முனையை நேரடியாகத் தொட்டால், 1.23 வோல்ட்டைத் தாண்டியதும் நீர் பிளந்து வாயுக்கள் வெளிப்படத் தொடங்கலாம். அவ்வளவு சிறிய மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு பெரிய அசைவு எதையும் பெற முடியாது. 1993-இல் பிரான்சின் புரூனோ பெர்ஜ் நடுவே மெல்லிய காப்புப் படலத்தை வைத்தார். அதன் பிறகே பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப இயக்கத்தக்க ஒன்றாக இது மாறியது.

தாள்வாசகன்

மிக்க நன்றி, ஐயா. திரையைச் செங்குத்தாகப் பிடித்தால் எண்ணெய் கீழே வழிந்துவிடாதா? கருவியைக் குலுக்கினால் என்ன ஆகும்? அடிப்படையான கேள்வியாக இருந்தால் பொறுத்தருள்க.

பரப்பிழுவிசை

நீரின் பரப்பில் புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் சமவலிமை பெறும் நீளம் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். பிக்சலின் அகலமோ 0.15 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அத்துடன் எண்ணெய், நீர் ஆகியவற்றின் அடர்த்தி வேறுபாடும் சிறிது. ஆகவே அந்த அளவில் புவியீர்ப்புக்கு வேலையே இல்லை. திரையைத் தலைகீழாகப் பிடித்தாலும் எண்ணெய் இருந்த இடத்தில் இருக்கும்.

எவ்வளவு மின்னழுத்தம் தேவை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடுகோணத்தின் (நீரின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணத்தின்) கொசைன் மதிப்பு எவ்வளவு உயர்கிறது என்பது, காப்புப் படலத்தின் மின்காப்பு மாறிலியை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கி, இடைமுக இழுவிசை, படலத் தடிமன், இரண்டு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைக்கும். டெஃப்லான் ஏ.எஃப். என்ற ஃப்ளூரோபாலிமர் படலத்தின் சார்பு மாறிலி 1.93, தடிமன் 0.8 மைக்ரோமீட்டர், எண்ணெய் நீர் இடைமுக இழுவிசை மீட்டருக்கு 0.04 நியூட்டன், மின்னழுத்தம் 30 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 0.24 வரும். எண்ணெய்க்குள் இருக்கும்போது நீரின் தொடக்கக் கோணம் ஏறத்தாழ 180 பாகை, அதாவது கொசைன் மதிப்பு -1. அது -0.76 ஆகும்போது கோணம் ஏறத்தாழ 140 பாகைக்கு இறங்குகிறது. எண்ணெயின் பக்கத்திலிருந்து பார்த்தால், முற்றிலும் பரவி நின்ற திரவம் 40 பாகைக் கோணத்தில் குவிந்து நிற்கிறது. சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் மூலைக்கு ஒதுங்க இது போதும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் எண்ணெய் மூடும் பரப்பும் கூடிக் குறையும். இடைப்பட்ட சாம்பல் நிலைகள் அப்படியே கிடைக்கின்றன.

சாயக்கூடம்

துணிச் சாயங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பணியாற்றுபவன் நான். இயற்பியலைப் பிறர் பேசட்டும்; அந்த எண்ணெய்க்குள் இருக்கும் சாயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இத்தகைய கட்டுரைகளில் ‘சாயமிட்ட எண்ணெய்’ என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் பொருள் உண்மையில் அவ்வளவு எளிதன்று.

ஒளி அந்தப் படலத்தைக் கீழ்நோக்கி ஒருமுறையும், வெண்மையில் பட்டுத் திரும்பும்போது மற்றொருமுறையும் கடக்கிறது. நல்ல கருமை வேண்டுமானால் ஒவ்வொரு கடப்பிலும் பத்தில் ஒரு பங்கு ஒளியே தப்ப வேண்டும். படலம் 5 மைக்ரோமீட்டர் தடிமன், சாயத்தின் மோலார் உறிஞ்சுதிறன் (கரைந்த சாயம் ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்னும் அளவு) 30,000 என்று கொண்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 0.067 மோல் சாயம் கரைந்திருக்க வேண்டும். மூலக்கூற்று எடை 500 என்றால் அது லிட்டருக்கு 33 கிராம். இது ஒரு நிறத்துக்கு மட்டும். கறுப்பு வேண்டுமானால் மூன்று சாயங்களைக் கலக்க வேண்டியிருப்பதால் லிட்டருக்கு 100 கிராமை நெருங்குகிறோம். டெக்கேன் போன்ற முனைவற்ற எண்ணெயில் இவ்வளவு சாயத்தைக் கரைப்பது கடினம். கரையும்படி மூலக்கூற்றில் நீண்ட ஆல்கைல் தொடர்களை ஒட்ட வேண்டும், அவ்வாறு ஒட்டினால் எடை கூடி, அதே கருமைக்கு இன்னும் அதிகச் சாயம் தேவைப்படும்.

சாய மூலக்கூறு சிறிது முனைவுடையதாக இருந்தாலும் நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலுள்ள எல்லையில் போய் நிற்கும், இடைமுக இழுவிசையைக் குறைக்கும், காலப்போக்கில் நீருக்குள்ளும் கசியும். நாங்கள் பாலியெஸ்டருக்குப் பயன்படுத்தும் ஆந்த்ராகுயினோன் வகைச் சாயங்கள் வெயிலுக்கு நன்றாகத் தாங்குபவை, ஆனால் நிறச்செறிவு குறைந்தவை. அசோ வகையில் செறிவு அதிகம், பலவற்றில் ஒளித்தாங்குதிறன் குறைவு. வெயிலில் வைத்துப் படிப்பதே இத்திரையின் பெருமை என்னும்போது, சாயமும் அந்த வெயிலை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும் அல்லவா?

எண்ணெயின் உறைநிலையையும் பார்க்க வேண்டும். டொடெக்கேன் -10 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும், டெக்கேன் -30 வரை தாங்கும். நீரோ பூச்சியத்தில் உறையும் என்பதால் அதில் கிளைக்கால் போன்றவற்றைக் கலந்தாக வேண்டும்.

திரைப்பொறியாளர்

சாயக்கூடம் அவர்களின் பதிவு அருமை. ஆயினும் சாயம் தீர்க்கக்கூடிய சிக்கல். நல்ல வேதியியலாளர்கள் பலரை உட்காரவைத்தால் விடை கிடைக்கும். திரை உற்பத்தியில் பணியாற்றியவன் என்ற முறையில், எனக்குத் தலைவலியாகத் தோன்றுவது அந்தக் காப்புப் படலம்தான்.

இந்த வகைத் திரையை இருக்கும் எல்.சி.டி. ஆலைகளிலேயே செய்துவிடலாம் என்று தொடக்கத்தில் விளம்பரப்படுத்தினார்கள். கண்ணாடி, டிரான்சிஸ்டர் அடுக்கு, மின்முனை வரை அது உண்மை. அதற்கு மேல் வருவது ஃப்ளூரோபாலிமர். அதன் சிறப்பே எதுவும் ஒட்டாமை என்பதால், அதன்மேல் பிக்சல் சுவர்களைக் கட்டுவதற்கான ஒளியுணர் பிசினும் ஒட்டாது. ஆகவே முதலில் பிளாஸ்மாவால் பரப்பைத் தாக்கி ஒட்டும்படி செய்து, சுவர்களைக் கட்டி முடித்த பின், சூடேற்றிப் பரப்பின் ஒட்டாத் தன்மையை மீட்க வேண்டும். மீட்பு சரிவர நிகழாத இடத்தில் எண்ணெய் முழுமையாகப் பரவாது, அந்தப் பிக்சல் எப்போதும் வெளிறியே இருக்கும். நிரப்புவது இன்னும் சுவையானது. நீருக்கடியில் வைத்தே எண்ணெயை மேற்பரப்பின்மீது இழுத்துச் செல்கிறார்கள். ஒவ்வொரு பிக்சலும் தனக்குரிய எண்ணெயைத் தானே பிடித்துக்கொள்கிறது. பார்ப்பதற்கு மிக அழகான செயல்முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் சில பிக்சல்கள் சிறிது மிகுதியாகப் பிடித்துக்கொண்டால், மின்னழுத்தம் கூடும்போது அந்த எண்ணெய் சுவரைத் தாண்டிப் பக்கத்துப் பிக்சலுக்குள் போய்விடும், திரும்பி வராது. மேல் கண்ணாடியை மூடுவதும் நீருக்குள்ளேயே நடைபெற வேண்டும், ஒரு குமிழிகூட உள்ளே தங்கக் கூடாது.

இவற்றையெல்லாம் கடந்த பிறகு, இயக்கும்போது வேறொரு தொல்லை. பரப்பிழுவிசை அவர்களின் கணக்கில் 0.8 மைக்ரோமீட்டர் படலத்தின் குறுக்கே 30 வோல்ட் நிற்கிறது, அதாவது மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 37 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கலாம் என்று படலத்தைப் பாதியாக்கினால், தேவைப்படும் மின்னழுத்தம் பாதியாகாது, ஏறத்தாழ 21 வோல்ட்டுக்குத்தான் இறங்கும். மின்புலமோ மைக்ரோமீட்டருக்கு 53 வோல்ட்டாக ஏறிவிடும். இத்தகைய புலத்தில் நீரிலிருந்து வரும் மின்னூட்டம் சிறிது சிறிதாகப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய மின்னூட்டம் வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கும். விளைவாக, வெண்மையாக நிற்க வேண்டிய பிக்சலில் மூலைக்கு ஒதுங்கிய எண்ணெய், மின்னழுத்தம் மாறாமல் இருக்கும்போதே மெல்ல மெல்லத் திரும்பி வரத் தொடங்கும். இதைத் தவிர்க்க அவ்வப்போது மின்னழுத்தத்தை ஒரு கணம் எடுத்துவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும், அல்லது திசையை மாற்ற வேண்டும். நிகழ்படம் ஓடும்போது இது கண்ணுக்குத் தெரியாது. அசையாத பக்கம் ஒன்றைப் படிக்கும்போதுதான் தொல்லை கொடுக்கும். படிப்புக் கருவியின் முழு வேலையும் அசையாத பக்கத்தைக் காட்டுவதுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆற்றல்கணக்கு

பொறியாளர் சொல்லும் குறைகள் உண்மையானவை, ஆனால் அவையே காரணம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எந்தத் திரை நுட்பத்தின் தொடக்க காலத்தை எடுத்தாலும் இதைவிட மோசமான பட்டியல் கிடைக்கும். ஓ.எல்.இ.டி.யின் நீல நிறம் எத்தனை ஆண்டுகள் பொறியாளர்களை வாட்டியது என்பதை நாம் அறிவோம். அதைத் தீர்க்கப் பணம் வந்தது, ஏனெனில் அதற்குக் காத்திருந்த சந்தை இருந்தது.

எலெக்ட்ரோவெட்டிங் திரையின் வரலாற்றைப் பாருங்கள். பிலிப்சிலிருந்து 2006-இல் லிக்வாவிஸ்டா தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2011-இல் சாம்சங் வாங்கியது. 2013-இல் அமேசான் வாங்கியது. 2018-இல் மூடப்பட்டது. உலகின் மிகப் பெரிய திரை உற்பத்தியாளர்களுள் ஒருவரும், மிகப் பெரிய படிப்புக் கருவி விற்பனையாளரும் அடுத்தடுத்துக் கையில் வைத்திருந்த நுட்பம் இது. பணமோ ஆலையோ வாடிக்கையாளரோ இல்லாமல் போனது என்று யாரும் சொல்ல முடியாது.

விழும் ஒளியைத் திருப்பியே படம் காட்டும் எதிரொளித் திரையில் நிகழ்படம் என்ற கனவோடு வந்தவர்கள் இவர்கள் மட்டுமல்லர். குவால்காம் நிறுவனத்தின் மிராசோல், சாயமோ எண்ணெயோ இல்லாமல் ஒளிக் குறுக்கீட்டால் நிறம் காட்டியது; தென் கொரியாவின் கியோபோ நிறுவனம் 2011-இல் அத்திரையுடன் படிப்புக் கருவி ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்தது. மேரி லூ ஜெப்சன் தொடங்கிய பிக்சல் சி, எல்.சி.டி.யையே வெயிலில் படிக்கும்படி மாற்றியது. மூன்றும் மூன்று வேறு இயற்பியல், ஆனால் மூன்றும் பரவலான வழக்கத்துக்கு வரவில்லை. இப்படியிருக்க ஒன்றின் காப்புப் படலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எப்படிச் சரியாகும்? நிகழ்படம் பார்க்க விரும்புபவர் இருட்டறையிலும் ஒளிரும் வண்ணத் திரையை விரும்புகிறார். நூல் படிப்பவருக்கு நிகழ்படம் தேவையில்லை. இடையில் நிற்பவர்கள் நம் தாள்வாசகனைப் போன்ற சிலரே.

திரைப்பொறியாளர்

மூன்றும் வரவில்லை என்பதற்கு ஒரே காரணம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இதே எதிரொளிச் சந்தையில் ஈ இங்க் மட்டும் எப்படி நிலைத்தது என்பதையும் தாங்கள் விளக்க வேண்டும்.

என் பார்வையில் விடை அதன் வேதியியலைவிட அது விற்கப்படும் வடிவத்தில் இருக்கிறது. நுண்ணுறைகளைப் பிசினோடு கலந்து பிளாஸ்டிக் தாளில் பூசி, சுருளாகச் சுற்றி, டிரான்சிஸ்டர் அடுக்கு செய்யும் யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவர் அதைத் தம் கண்ணாடிமேல் ஒட்டினால் திரை தயார். திரவம் முழுவதும் உறைகளுக்குள் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. எலெக்ட்ரோவெட்டிங்கில் அப்படி ஒரு சுருளை விற்க முடியாது. சுவரும் எண்ணெயும் நீரும் மூடுதலும் அதே கண்ணாடியின்மேல் வரிசையாக நடைபெற வேண்டும், முதல் திரையைச் செய்வதற்கே முழு ஆலை தேவை. அத்தகைய நுட்பத்தைச் சிறிய சந்தை ஒன்றில் தொடங்கிப் படிப்படியாக வளர்க்க இயலாது. ஆகவே தாங்கள் சொல்லும் சந்தைக் காரணமும் நான் சொல்லும் உற்பத்திக் காரணமும் பகை நிலைகள் அல்ல.

ஆற்றல்கணக்கு

அந்த வாதத்தை மதிக்கிறேன். என் பெயருக்கு ஏற்ப ஒரு கணக்கையும் வைத்துவிடுகிறேன். 150 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரப் பிக்சல், மேலே சொன்ன 0.8 மைக்ரோமீட்டர் படலத்துடன், ஏறத்தாழ 0.48 பிக்கோஃபாரட் மின்தேக்கி. அதை 30 வோல்ட்டுக்கு ஏற்ற 0.2 நானோஜூல் ஆற்றல் போதும். பத்து லட்சம் பிக்சல்களை நொடிக்கு 60 முறை ஏற்றி இறக்கினாலும் 13 மில்லிவாட்தான். நடைமுறையில் நெடுக்குக் குறுக்குக் கம்பிகளின் மின்தேக்கமும் இயக்கிச் சில்லுகளும் இதைவிடப் பன்மடங்கு எடுத்துக்கொள்ளும். அப்படியும் பின்னொளி தேவைப்படும் எல்.சி.டி.க்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் போட்டி எல்.சி.டி.யோடு மட்டும் நிகழவில்லை. 3.7 வாட்மணி கொண்ட மின்கலத்தை அந்தக் குறைந்தபட்ச 13 மில்லிவாட்டே 12 நாள்களில் தீர்த்துவிடும். ஈ இங்க் திரை பக்கத்தை மாற்றும்போது மட்டும் மின்சாரம் கேட்கிறது. மாற்றிய பின் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். எலெக்ட்ரோவெட்டிங் திரையில் மின்னழுத்தத்தை விட்டால் பக்கமே மறைந்துவிடும். பொறியாளர் சொன்ன எண்ணெய் திரும்பும் குறையும் இந்த மின்செலவும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. படத்தை நிறுத்திவைக்க மின்னழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அந்தப் பிடிப்பே படலத்தை மின்னூட்டத்தால் நிரப்புகிறது. இதை நான் சந்தைக் காரணமாகச் சொல்கிறேன், அவர் உற்பத்திக் காரணமாகச் சொல்கிறார்.

பரப்பிழுவிசை

மின்னழுத்தம் இல்லாமலும் நிற்கும் வகையை ஒரு குழு தேடிக் கண்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஹைகன்ஃபெல்ட் குழுவினர் 2009-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியிட்ட அமைப்பு சாயமிட்ட எண்ணெயைக் கைவிட்டுவிட்டு, நிறமித் துகள்கள் கலந்த நீர்மத்தையே நகர்த்தியது. பிக்சலின் நடுவே சிறிய குழி. மின்னழுத்தம் இல்லாதபோது வண்ண நீர்மம் குழிக்குள் ஒடுங்கியிருக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு அது பரப்பில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே தெரியும். மின்னழுத்தம் கொடுத்தால் குழியிலிருந்து வெளிவந்து, மேலேயுள்ள மெல்லிய தளத்தில் பரவிப் பிக்சலை நிறத்தால் மூடும். குறுகிய தளத்தில் நீர்மத்தின் வளைவு ஆரம் சிறியது என்பதால் அங்கே அழுத்தம் அதிகம், அகன்ற குழியில் குறைவு. ஆகவே மின்னழுத்தம் போனதும் நீர்மம் குழிக்குத் திரும்புகிறது.

பின்னர் அதே குழுவினர், ஒரே உயரமுள்ள இரண்டு தளங்களை மேலும் கீழுமாக வைத்தனர். இரண்டிலும் வளைவு சமம் என்பதால் அழுத்தமும் சமம். நீர்மத்தைத் திரும்ப இழுக்கும் விசை இல்லை. மேல்தளத்துக்குத் தள்ளினால் அங்கேயே நிற்கும், கீழ்த்தளத்துக்குத் தள்ளினால் அங்கேயே மறைந்திருக்கும். சாயக்கூடம் அவர்கள் எழுப்பிய ஒளித்தாங்குதிறன் கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது, கரைந்த சாயத்தைவிடத் திண்ம நிறமி வெயிலை நன்றாகத் தாங்கும். காமா டைனமிக்ஸ் என்ற நிறுவனமும் இதற்காகத் தொடங்கப்பட்டது. உற்பத்தி எளிதாகிவிட்டதா என்று பொறியாளர் கேட்பார். இல்லை, இரண்டு தளங்களையும் துளைகளையும் துல்லியமாக அடுக்க வேண்டியிருப்பதால் கூடுதலாகவே கடினமானது.

சாயக்கூடம்

வண்ணத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எதிரொளித் திரையில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால், விழும் வெள்ளொளியில் மூன்றில் இரண்டு பங்கு வடிகட்டியிலேயே போய்விடும். அச்சகத்தில் செய்வதைப் போல நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று சாயப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு புள்ளியிலும் முழு நிறம் கிடைக்கும். எண்ணெய் முற்றிலும் ஒதுங்கினால் வெண்மையும் கிடைக்கும். எலெக்ட்ரோவெட்டிங்கின் உண்மையான அழகு இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து, ஏனெனில் ஒதுங்கிய நிலையில் அது ஒளியைத் தடுக்காமல் விடுகிறது. ஐண்ட்ஹோவனைச் சேர்ந்த எடுலிப்பா நிறுவனம் வெளிப்புற விளம்பரப் பலகைகளுக்கு இந்த மூன்றடுக்கு வழியைத்தான் எடுத்தது. பலகையில் பிக்சல் பெரிது, பார்ப்பவர் தொலைவில் நிற்கிறார், அடுக்குகள் சிறிது விலகினாலும் தெரியாது.

நுண்துளி

பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலை இயற்பியல் மாணவி. இழை முழுவதையும் படித்தேன். இந்த விளைவைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து காட்ட முடியுமா? எங்களிடம் தூய அறையோ டெஃப்லான் பூச்சோ இல்லை. திரை அல்லாத துறைகளில் இது இன்று பயன்படுகிறதா என்பதையும் யாரேனும் சொன்னால் அறிக்கையில் சேர்த்துக்கொள்வேன்.

பரப்பிழுவிசை

வாருங்கள், அம்மா. இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் வளைவை மின்னழுத்தத்தால் மாற்றிக் குவியத்தை நகர்த்தும் திரவ லென்சுகள் தொழிற்சாலைகளின் குறியீடு படிக்கும் கருவிகளில் பயன்படுகின்றன. புரூனோ பெர்ஜ் லியோனில் தொடங்கிய வேரியாப்டிக் நிறுவனத்தின் வழியில் வந்தவை அவை. டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து தோன்றிய அட்வான்ஸ்ட் லிக்விட் லாஜிக் என்ற நிறுவனம், துளிகளை மின்முனை வரிசைமேல் ஓட்டி மருத்துவச் சோதனைகள் செய்யும் சில்லுகளை உருவாக்கியது. 2013-இல் இல்லுமினா அதை வாங்கியது. திரைக்குத் தேவைப்பட்ட லட்சக்கணக்கான பிக்சல்கள் அங்கே தேவையில்லை, சில நூறு மின்முனைகள் போதும்.

ஆய்வகச் சோதனைக்கு உணவுப் பொருளைச் சுற்றும் மெல்லிய பாலித்தீன் தாள் போதும். செம்புத் தகட்டின்மேல் அதைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, மேலே சிலிக்கோன் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, உப்பு நீர்த்துளி ஒன்றை வைக்க வேண்டும். தாளின் தடிமன் 10 மைக்ரோமீட்டர், மாறிலி 2.2 என்று கொண்டால், காற்றில் உள்ள நீர்த்துளியின் கொசைன் மதிப்பை 0.5 உயர்த்த ஏறத்தாழ 190 வோல்ட் தேவை. திரையில் 30 வோல்ட்டில் முடிந்தது இங்கே இவ்வளவு கேட்பதன் காரணத்தை மேலே பொறியாளர் எழுதிய தடிமன் கணக்கிலிருந்து நீங்களே வருவித்து அறிக்கையில் எழுதலாம். ஸ்விட்சர்லாந்தின் காடிலாப்ஸ் குழுவினர் ஓப்பன்டிராப் என்ற திறந்த வடிவமைப்பை வெளியிட்டிருக்கிறார்கள். துளியை ஓர் இடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓட்டிக் காட்ட விரும்பினால் அதைப் பாருங்கள்.

திரைப்பொறியாளர்

பாதுகாப்பைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் திருத்தி எடுக்கும் எண்ணம் வேண்டாம். மின்கலத்தால் இயங்கும் சிறிய மின்னழுத்த உயர்த்தியைப் பயன்படுத்தி, அதன் வெளிவாயிலில் 1 மெகாஓம் மின்தடையைத் தொடராக இணையுங்கள். தாள் ஓட்டையாகிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் 0.2 மில்லியாம்பியருக்கு மேல் ஓடாது. உயர்த்தியின் வெளிவாயிலில் உள்ள மின்தேக்கி அணைத்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதால், தகட்டைத் தொடுமுன் அதை மின்தடை வழியாக வெளியேற்றிவிடுங்கள். நேர்மின்னழுத்தத்தைச் சில நிமிடங்கள் விடாமல் கொடுத்து, துளி மெல்லத் திரும்பிக் குவிகிறதா என்று கவனியுங்கள்; பிறகு திசையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கைப்பேசியால் பக்கவாட்டில் படமெடுத்துக் கோணங்களை அளந்து இங்கே இட்டால், ஆற்றல்கணக்கு அவர்களும் நானும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.